ரவுண்டு வாங்குனவ

ஜன்னலோரம் எனக்கு விட்டுக் குடுத்தீங்களே, ரொம்பப் புண்ணியமுங்க. வழிப்பக்கம் உக்காந்தா போறவன் வர்றவன் எல்லாம் இந்தக் கைய இடிச்சுட்டுத்தான் போவான். நீங்களும் சித்தே தள்ளியே உக்காந்துக்குங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. பொள்ளாச்சிதானுங்களா? நானும் அங்கதான். பதினோரு மணிக்குப் போய்ச் சேரோணும். இந்த வண்டி அதுக்குள்ள போயிருமில்லீங்க?

கையில கட்டு என்னன்னு கேக்கறீங்க. பாத்ரூமுல வழுக்கி விழுந்துட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். பள்ளிக்கூடத்துலயும் அதான், பக்கத்து வீட்டுலயும் அதான். உங்ககிட்ட எதுக்கு அந்தப் பொய்யி? நீங்க யாரோ நான் யாரோ, பொள்ளாச்சி வந்தா எறங்கிப் போயிருவோம். சைக்கிள் ரேசுல போச்சுங்க.

சிரிக்காதீங்க. நாப்பத்தொரு வயசுல ரேசான்னுதான சிரிக்கறீங்க? எங்க மாமியாரும் அப்படித்தான் சிரிச்சாங்க. நான் கணக்கு டீச்சருங்க, எட்டாவது ஒம்பதாவது எடுக்கறேன். வாரத்துல ஆறு நாள் டீச்சரு, ஞாயித்துக்கெழம ரேசு.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லீர்றேன். அவ என்னையத் தாண்டல. ரைஹானா என்னையத் தாண்டவே இல்ல. யாரு வந்து என்ன எழுதிக் குடுத்தாலும் அதுதான். அதுல மாத்தமில்ல. சரி, வெவரமாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

சைக்ளோகிராஸ்னு இதுக்குப் பேரு. எங்க பக்கத்துல சேத்து ரேசுன்னாத்தான் தெரியும். ஐப்பசி மழை புடிச்சதும் ஆரம்பிச்சு மார்கழிக்குள்ள அஞ்சு ரேசு நடக்கும். ரோட்டுல இல்லீங்க, தென்னந்தோப்புக்குள்ள. ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டர் வரும். பாதி தூரந்தான் மிதிக்க முடியும். குறுக்க தென்னமரத் துண்டு போட்டிருப்பாங்க, அங்க எறங்கி சைக்கிளத் தூக்கித் தோள்ல மாட்டிட்டு ஓடோணும். வாய்க்காக் கரை வரும், அதுலயும் தூக்கிட்டுத்தான் ஏறோணும். அப்பறம் ஓடற ஓட்டத்துலயே மறுக்கா குதிச்சு ஏறி மிதிக்கோணும். சேறு சக்கரத்துல அப்பிட்டா சைக்கிளு எடை ரெண்டு மடங்கு. எதுக்கு இந்தப் பொழப்புன்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேற ஒண்ணும் மண்டையில ஓடாது, அவ்வளவுதான்.

மூணு வருசம் ஆம்பளைங்க கூடத்தான் ஓட்டுனேன். பொம்பளைங்கன்னு தனியா ரேசே கெடையாது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரவுண்டு மூணு ரவுண்டு வாங்குவேன். ரவுண்டு வாங்கறதுன்னா என்னன்னா, முன்னாடி போறவன் முழுசா ஒரு சுத்து அதிகம் ஓட்டி, நம்ம பின்னாடியே வந்து நம்மளத் தாண்டிப் போறது. "ஓரம், ஓரம், டீச்சர் ஓரம்"னு கத்திக்கிட்டே வருவானுங்க. நான் வரப்புல ஏறி நின்னு வழி விடோணும். டீ குடிச்சுட்டு நிக்கறவன் சும்மா இருப்பானா? "டீச்சரு இன்னைக்கு எத்தன வாங்குனாங்க?"ன்னு சத்தமா எண்ணுவான். எங்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் "மிஸ், மூணு"ன்னு வெரலக் காட்டறான். அன்னைக்கு வண்டியில வர்றப்ப எங்கூட்டுக்காரர் முதுகுல மூஞ்சிய வெச்சு அழுதேன். பொம்பளைங்க ரேசுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, அதுல செத்தாலும் ஒரு ரவுண்டு வாங்க மாட்டேன்னு அன்னைக்குச் சொல்லிக்கிட்டேன்.

இந்த ரேச நடத்தறவரு திருமூர்த்தின்னு ஒருத்தரு. பொள்ளாச்சியில சைக்கிள் கடை வெச்சிருக்காரு. மூணு வருசம் அவரு பின்னாடி நடையா நடந்தேன். கடைசியில இந்த வருசம் சரின்னாரு. ஆனா ஒரு பேச்சுப் பேசிட்டுத்தான். "டீச்சர், நாலு பொம்பளைங்க வேணும். அஞ்சு ரேசுலயும் நாலு பேரும் முடிக்கோணும். ஒரே ஒரு ரேசுல நாலு மூணாச்சுன்னாலும் அடுத்த வருசம் பழையபடி ஆம்பளைங்க கூடத்தான்"னாரு. நான் சம்மதிச்சேன். மொதல்ல நானு. அப்பறம் ஸ்டெல்லா, அவ நர்சு. தாமரைன்னு ஒருத்தி, கோழிப்பண்ணை வெச்சிருக்கா. நாலாவதா ரைஹானா. இருபத்து நாலு வயசு, மருந்துக் கடையில வேலை. அவ ஓட்டறதப் பாத்தீங்கன்னா, சேறுங்கறதே அவளுக்கு இல்லாத மாதிரி ஓட்டுவா. நல்ல புள்ளைதான். நல்ல புள்ளைன்னுதான் நானும் நெனைச்சேன்.

எங்க நாலு பேரத் தவிர அஞ்சாவதா ஒரு ஆளு இல்லீங்க. தேடிப் பாத்தாச்சு.

இதுல ஆவணிக் கடைசியில பழகறப்ப நான் விழுந்துட்டேன். வலது தோள் கழண்டுக்கிச்சு. கோயமுத்தூருல டாக்டரு சேத்தி வெச்சுட்டு, ஸ்கேன் படத்தப் பாத்துட்டுச் சொன்னாரு: "தோளப் புடிச்சு வெச்சிருக்கற சவ்வு கிழிஞ்சிருக்குது. இன்னொருக்கா கழண்டா ஆப்பரேசன்தான். அதுக்கப்பறமும் கை முன்ன மாதிரி மேல ஏறும்னு நான் சொல்ல மாட்டேன். இந்த வருசம் சைக்கிளு வேண்டாம்." நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நான் நின்னா மூணு பேரு. மூணு பேருன்னா ரேசே இல்ல. மூணு வருச நடை வீணு. திருமூர்த்தி குடுத்த ஃபாரத்துல உடம்புக்கு ஏதாச்சும் கோளாறு உண்டான்னு கேட்டிருந்துச்சு. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஒருத்தருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேனுங்க. அதுல நான் கெட்டிக்காரி. வகுப்புல போர்டுல எழுதறக்குக் கை தூக்க முடியலைன்னா என்ன பண்ணுனேன் தெரியுங்களா? புள்ளைங்களையே கூப்புட்டு எழுத வெச்சேன். "மாணவர்களை ஈடுபடுத்தறீங்க, அருமை"ன்னு எச்.எம். மேடையில வெச்சுப் பாராட்டுனாங்க. எங்கூட்டுக்காரருக்கு மட்டுந்தான் விசயம் தெரியும். மகுடீஸ்வரன்னு பேரு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் சொல்றதச் செய்வாரு. ரேசுல கூட அவருக்கு அதே வேலைதான், சுத்து முடியற கோட்டுப் பக்கத்துல குடையப் புடிச்சுட்டு நின்னு யாரு எத்தன சுத்துன்னு போர்டுல எழுதறது.

ரேசுலயும் ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் சைக்கிள வலது தோள்லதான் மாட்டுவாங்க. ஏன்னா செயினு வலது பக்கம். வலது தோள்ல மாட்டுனா செயினு வெளிய பாத்துட்டு இருக்கும், மேல படாது. நான் எடது தோள்ல மாட்டப் பழகிட்டேன். எறங்கறது கூட எதிர்ப்பக்கம் எறங்கப் பழகிட்டேன். ரெண்டு மாசம் எங்கூட்டு மொட்டை மாடியிலயே பழகுனேன். அவ்வளவு சுத்தமாப் பண்ணுனதுல யாருக்கு என்ன தெரியும்?

மொத ரேசு நல்லாப் போச்சு. ரெண்டாவது ரேசு முடிஞ்சு நிக்கறப்ப ரைஹானா பக்கத்துல வந்து, "அக்கா, எடது தோள்ல எல்லாம் செயின் கிரீசு, பல்லு பல்லா இருக்குது"ங்கறா. இப்ப வர்ற சோப்பு ஒண்ணும் சரியில்ல, போன வாரத்துக் கறையே போகலைன்னு சொன்னேன். அவ என்னையவே பாத்தா. என்ன பார்வை அது? சின்னப் புள்ளைக்கு அடுத்தவங்க சட்டையில என்ன வேலைன்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு.

மூணாவது ரேசுல இன்னும் மோசம். தென்னமரத் துண்டுகிட்ட நான் எறங்கித் தூக்கறேன், அவ எனக்குப் பின்னாடி வந்து நிக்கறா. தாண்டிப் போக எடம் இருக்குது, போகாம நிக்கறா. நான் தூக்கி, அந்தப் பக்கம் வெச்சு, ஏறி ஒக்கார்ற வரைக்கும் நின்னுட்டு அப்பறம் பறந்துட்டா. என்னைய வேடிக்கை பாக்கறக்குன்னே நின்னாளுங்க. வேற எதுக்கு நிப்பா? ஸ்டெல்லா ஒருத்தி, ரேசு முடிஞ்சதும் "அக்கா, என்ற தலையில இந்தக் கிளிப்பச் சித்தே மாட்டி விடுங்களேன்"னு வர்றா. ஏன், அவளுக்குக் கை இல்லையா? கை ரெண்டும் சேறுன்னு சொல்லிட்டு நகந்துட்டேன். தாமரை கிட்டயே வரல. தூரத்துல நின்னு அவளுக ரெண்டு பேருகிட்டயும் குசுகுசுன்னு பேசறா. மூணு பேரும் ஒரு கட்சி சேந்துட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

நாலாவது ரேசுல தோள் ஒருக்கா நழுவுச்சு. முழுசாக் கழளல. கரை மேல ஏறறப்ப காலு வழுக்குச்சு, வெடுக்குன்னு ஒரு இழுப்பு, உள்ள ஏதோ எடம் மாறி, அப்பறம் அதுவாப் போயி உக்காந்துக்கிச்சு. கண்ணு ரெண்டும் இருட்டிருச்சு. மரத்தப் புடிச்சுட்டு நின்னு நூறு வரைக்கும் எண்ணுனேன். அன்னைக்கும் முடிச்சேன். நாலாவதாத்தான் வந்தேன், ஆனா முடிச்சேன். ரவுண்டு வாங்காம முடிச்சேன். கோட்டத் தாண்டுன பொறவு எங்கூட்டுக்காரர் என்ற மூஞ்சியப் பாத்துட்டு, "போதுமா?"ன்னாரு. இன்னும் ஒண்ணுதான இருக்குதுன்னேன்.

அந்த அஞ்சாவது ரேசுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரைஹானா போன் பண்றா. "அக்கா, ஞாயித்துக்கெழம நீங்க மெதுவாவே வாங்க. நான் பாத்துக்கறேன்"ங்கறா. எனக்கு எப்படி இருக்கும்? நான் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டாந்த ரேசு. என்னைய மெதுவா வரச் சொல்லிட்டு இவ பாத்துக்குவாளாம். "அக்கா, இந்த ரவுண்டு விசயமா ஒண்ணு சொல்லோணும்"னு ஆரம்பிச்சா. வெச்சுட்டேன் போன. மறுக்கா அடிச்சா, எடுக்கல.

அவ சொல்ல வந்த விசயம் எனக்குத் தெரியாததா? ரூலு அது. மொத ஆளு கடைசிச் சுத்து முடிச்சுக் கோட்டத் தாண்டிட்டா, அதுக்குப் பின்னாடி கோட்டுக்கு வர்ற எல்லாருக்கும் ரேசு அதோட முடிஞ்சுது. ரவுண்டு வாங்குனவளுக்கும் முடிஞ்சுது. அவ அஞ்சு சுத்துக்கு நாலு சுத்துத்தான் ஓட்டியிருப்பா, ஆனாலும் முடிச்சதாத்தான் எழுதுவாங்க. நோஞ்சானுக்குன்னு வெச்ச ரூலு. மூணு வருசம் நான் அப்படித்தான முடிச்சேன்? போதுமுங்க அது.

அஞ்சாவது ரேசு அன்னைக்குக் காலையில இருந்து மழை. தோப்பு முழுக்கத் தண்ணி நிக்குது. எல்லாரும் போனக் கவருல சுத்திப் பைக்குள்ள போட்டாச்சு. நாலு பேருந்தான் கெளம்புனோம், அஞ்சு சுத்து. மொதச் சுத்துலயே ரைஹானா கண்ணுக்கு மறைஞ்சுட்டா. ஸ்டெல்லாவும் தாமரையும் எனக்கு முன்னாடி கொஞ்ச தூரத்துல. நான் ஒண்ணே ஒண்ணுதான் நெனைச்சேன். கை நழுவக் கூடாது, விழக் கூடாது, முடிக்கோணும். ஒவ்வொரு மரத்துண்டுகிட்டயும் வலது கைய வயித்தோட ஒட்டி வெச்சுட்டு, எடது கையில தூக்கி, எடது தோள்ல மாட்டி, ஒரு காலு, மறு காலு. செயினு கழுத்துல கடிக்குது. கடிக்கட்டும். ரெண்டு சுத்து ஆச்சு. மூணு ஆச்சு. நாலாவது சுத்துல பாதி வந்திருப்பேன், பின்னாடி மூச்சுச் சத்தம் கேக்குது.

திரும்பிப் பாக்காமயே தெரிஞ்சுது. ரைஹானாதான். அவளுக்கு அது அஞ்சாவது, கடைசிச் சுத்து. எனக்கு நாலாவது. அப்படின்னா ஒரு ரவுண்டு குடுக்க வர்றா. அந்தச் சேத்துல அவ அன்னைக்கு ஓட்டுன வேகம் அந்த சீசன்லயே ஓட்டல. ரெண்டாவது ஆளு அவளுக்கு எங்கயோ பின்னாடி, அவளத் தொரத்தற ஆளே இல்ல. அப்பறம் எதுக்கு அப்படி உசுரக் குடுத்து ஓட்டறா? எனக்கு ரவுண்டு குடுக்கறக்குத்தான்.

"அக்கா, விடுங்க!"ன்னு கத்துனா.

விடுங்கன்னா? நீங்களே சொல்லுங்க. வழிய விடுங்கன்னும் வெச்சுக்கலாம், ரேசையே விட்டுட்டுப் போங்கன்னும் வெச்சுக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் காதுல விழுந்துச்சு. "விட முடியாது போடீ!"ன்னு நானும் கத்துனேன். ஒரு டீச்சரு பேசற பேச்சில்ல அது.

தென்ன வரிசைக்கு நடுவுல பாதை நாலடிதான். அவ வலப்பக்கம் வந்தா நான் வலப்பக்கம் போனேன். எடப்பக்கம் வந்தா எடப்பக்கம். "அக்கா, சொல்றதக் கேளுங்க, விடுங்கக்கா"ன்னு அழுகறாப்புல கேக்கறா. வாய்க்காக் கரை வந்துச்சு. எப்படி ஏறுனேன்னு எனக்கே தெரியல. தோளுக்குள்ள யாரோ திருகற மாதிரி இருக்குது, ஆனா விடல. கரையில இருந்து கோட்டு வரைக்கும் ஏரு ஓட்டுன வயலு, நல்ல அகலம். அங்க வந்ததும் என்னால அவள மறிக்க முடியல. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலயே மிதிக்கறோம். கோட்டுல எங்கூட்டுக்காரர் குடையோட நிக்கறாரு. வேற ஒருத்தரும் இல்ல, மழைக்கு எல்லாரும் பந்தலுக்குள்ள. திருமூர்த்தி கூட அங்கதான். கோட்டத் தாண்டுனோம். நான்தான் முன்னாடி.

"அக்கா, முடிஞ்சுது, நில்லுங்க!"ன்னு ரைஹானா பின்னாடி இருந்து கத்தறா. நான் எங்கூட்டுக்காரரப் பாத்து, "எழுதுங்க! நான்தான் முன்னாடி! எனக்கு இன்னும் ஒரு சுத்து இருக்குது, எழுதுங்க!"ன்னேன். அவரு என்னையப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, எழுதுனாரு. நான் நிக்கல. போயிட்டேன்.

அவளுக்கு முன்னாடி கோட்டத் தாண்டுனா என்னன்னா, நமக்கு ரேசு முடியல, இன்னும் ஒரு சுத்து முழுசா ஓட்டோணும். அதுவும் மொத ஆளு முடிச்சதுல இருந்து கால் மணி நேரத்துக்குள்ள. அதுக்கு மேல ஆனா முடிக்காத கணக்குத்தான். கால் மணி நேரம் எனக்குத் தாராளம். பத்து நிமிசத்துல வந்திருப்பேன்.

ரெண்டாவது மரத்துண்டுல காலு எடறுச்சு. சைக்கிளு எடது தோள்ல இருக்குது, முன்னாடி விழறேன், வலது கைய ஊணிட்டேன். ஊணக் கூடாதுன்னு மூணு மாசமாச் சொல்லிச் சொல்லி வெச்ச கை. அது கேக்கல. கழண்டுக்கிச்சு. சத்தம் கேட்டுச்சுங்க. நான் கத்துனதும் எனக்கே கேட்டுச்சு.

கொஞ்ச நேரம் அந்தத் தண்ணிக்குள்ளயே கெடந்தேன். அப்பறம் எந்திரிச்சேன். கை தொங்குது. சட்டையத் தூக்கி அதுக்குள்ள கைய விட்டு, கீழ் முனையப் பல்லுல கடிச்சுக்கிட்டு, எடது கையில சைக்கிளத் தள்ளுனேன். மிதிக்க முடியாது, தள்ளத்தான் முடியும். ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்குது. ஒவ்வொரு அடிக்கும் தோளுல இருந்து வயித்துக்குள்ள வரைக்கும் போகுது நோவு. வாந்தி எடுத்தேன். எடுத்துட்டுத் தள்ளுனேன். எனக்கு அப்ப பயமுங்க. கைக்கு இல்ல. நேரம் போயிருமோன்னு பயம். நாலு மூணாயிருமோன்னு பயம். எல்லாச் சாமியையும் கூப்புட்டேன்.

வாய்க்காக் கரைக்கு வர்றப்ப அவளுக மூணு பேரும் அங்க நிக்கறாளுக. முடிச்சுட்டுத் தேடிட்டு ஓடி வந்திருக்காளுக. "உக்காருங்கக்கா, கைய அசைக்காதீங்க"ன்னு ஸ்டெல்லா அழுகறா. "தொடாதீங்கடீ"ன்னேன். யாராச்சும் என்னையவோ சைக்கிளையோ தொட்டா ரேசுல இருந்து எடுத்துருவாங்க. அவளுகளுக்கும் அது தெரியும். மூணு பேரும் கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கறாளுக. நான் சைக்கிளக் கரையில முட்டி வெச்சு, முட்டியால ஏத்தறேன். ஏறுது, வழுக்கிக் கீழ வருது. மறுபடி ஏத்தறேன், மறுபடி வருது. தாமரை மண்ணுல உக்காந்து காதப் பொத்திக்கிட்டா. "ரெண்டு நிமிசம் இருக்குதுக்கா"ன்னு ரைஹானா சொல்றா. மூணாவது தடவை ஏத்திட்டேன்.

கோட்டுக்கு நாப்பது தப்படி இருக்கறப்ப திருமூர்த்தி விசில் ஊதிட்டாரு.

நான் நிக்கல. தள்ளிட்டுப் போயிக் கோட்டத் தாண்டுனேன். அவரு தலையக் குனிஞ்சுட்டே, "மூணுதான் டீச்சர்"னாரு. அந்த மனுசனுக்கும் கண்ணு கலங்கிருச்சு. என்ன கலங்கி என்ன? நாலு மூணாச்சு.

ஆஸ்பத்திரியில சட்டையக் கத்திரியில வெட்டி எடுத்தாங்க. ஸ்டெல்லா அதக் கையில வெச்சுட்டுச் சொல்றா, "எல்லா ரேசுலயும் எடது தோள்லதான் கறை. மொத ரேசுலயே எங்க மூணு பேருக்கும் தெரியும்கா. உங்ககிட்டக் கேட்டா நீங்க நின்னுக்குவீங்க, நீங்க நின்னா உங்க மனசு தாங்காது, அதான் கேக்கல. ரைஹானா எப்படியாச்சும் உங்களுக்கு ஒரு சுத்து மிச்சம் பண்ணிக் குடுத்தர்றேன்னு சொன்னா"ங்கறா. அவ நர்சு, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். மத்தவளுக இப்பச் சும்மா சொல்றாளுக. அப்படித்தான் நான் நெனைச்சேன். பன்னண்டு நாளா அப்படித்தான் நெனைச்சுட்டு இருக்கேன். பொங்கல் கழிச்சு ஆப்பரேசன்.

இதுக்கு நடுவுல அவளுக மூணு பேரும் திருமூர்த்திக்குக் கடுதாசி எழுதிக் குடுத்திருக்காளுக. ரைஹானா கோட்டுக்கு முன்னாடியே என்னையத் தாண்டிட்டா, அதனால எனக்கு அங்கயே ரேசு முடிஞ்சுது, நாலு பேரும் முடிச்சாச்சுன்னு. நேத்து திருமூர்த்தி போன் பண்ணுனாரு. "டீச்சர், போர்டு ஒண்ணு சொல்லுது, புள்ளைங்க ஒண்ணு சொல்லுதுங்க. கோட்டுல இருந்தது மூணே பேரு. ரைஹானா உங்களுக்காகப் பேசறான்னு ஆம்பளைங்க எல்லாம் சொல்லுவானுங்க. உங்கூட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு. நீங்க பதினோரு மணிக்குக் கடைக்கு வாங்க, எல்லாரும் இருப்பாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அத எழுதிக்கறேன். அடுத்த வருசம் ரேசு உண்டா இல்லையாங்கறது உங்க வாயிலதான் இருக்குது"ன்னாரு.

உங்க மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. தாண்டிட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம், ரேசாச்சும் பொழைக்குமேன்னுதான நெனைக்கறீங்க? பொய் சொல்லச் சொல்றீங்களா? நான் கணக்கு டீச்சருங்க. ரவுண்டு வாங்காதவ. பள்ளிக்கூடத்துல அந்தப் பையன் இருக்கானே, வெரலக் காட்டுனவன், அவங்கிட்டக் கூட இந்த வருசம் சொல்லி வெச்சிருக்கேன், மிஸ்ஸு ஒரு ரவுண்டு கூட வாங்கலைன்னு.

காலையில கெளம்பறப்ப எங்கூட்டுக்காரர் எனக்குச் செருப்பு மாட்டி விட்டாரு. குனிஞ்சவரு நிமுரல. அப்படியே கீழ பாத்துட்டே சொன்னாரு, "அன்னைக்கு நீ சொன்னத எழுதுனேன். பாத்தத எழுதல." பதினேழு வருசத்துல அந்த மனுசன் என்னைய எதுத்துப் பேசுனது அது ஒண்ணுதான். நான் வந்து பஸ் ஏறிட்டேன்.

கோமங்கலம் தாண்டியாச்சா? அப்பக் கிட்ட வந்தாச்சு.

அவ சக்கரம் முன்னாடி போச்சுங்க.

நான் பாத்தேன். கோட்டுக்கு ரெண்டு முழம் இருக்கறப்பவே அவ சைக்கிளு பாதி எனக்கு முன்னாடி போயிருச்சு. நான் அவ பின் சக்கரத்தப் பாத்துட்டேதான் கோட்டத் தாண்டுனேன். அங்கயே நின்னிருந்தா முடிஞ்சிருக்கும். நாலு பேருன்னு எழுதியிருப்பாங்க. என்ற கை என்ற தோள்லயே இருந்திருக்கும். அவ அழுதுட்டே நில்லுங்கன்னு கத்துனா. எனக்கு எல்லாமே கேட்டுச்சு. பந்தலுக்குள்ள இருந்து யாரோ "டீச்சருக்கு ஒண்ணு"ன்னு எண்ணுன மாதிரி இருந்துச்சுங்க. யாரும் எண்ணல. மழையில யாரு எண்ணுவா? அதுக்குத்தான் ஓட்டுனேன் அந்தச் சுத்த.

இத வாயத் தொறந்து சொல்றது இதான் மொதத் தடவை. உங்ககிட்டச் சொல்லிட்டேன், அங்க போயி ரைஹானா மூஞ்சியப் பாத்துட்டு வருமான்னு தெரியல. எங்கூட்டுக்காரரு பொய்யா எழுதுனாருன்னு ஆகும், நான்தான் எழுத வெச்சேன்னும் சேத்திச் சொல்லோணும். மொதல்ல எதச் சொல்றது? ரைஹானா என்னையத் தாண்டிட்டா. நான் ரவுண்டு வாங்குனேன். இப்படிச் சொன்னாச் சரியா இருக்குமுங்களா? சித்தே இருங்க, பஸ்ஸு நிக்கறக்குள்ள இன்னொருக்கா சொல்லிப் பாத்துக்கறேன்.